நான் பறந்த நாலு விநாடி

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் மூன்று வாரமாக என்னைத் துரத்துகிறார். கவிதை எனக்கு வராது. காதல் அனுபவமும் கிடையாது (இருந்தாலும் இதில் எழுதுவேனா?). கையில் இருக்கும் ஒரே அனுபவத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. "நீ பாராகிளைடிங் பண்றியாமே, மலையில இருந்து குதிப்பியாமே" என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த மலையிலிருந்தும் குதித்ததில்லை. இதுவரை என் கால் தரையை விட்டு எழும்பியிருந்த மொத்த நேரம் நாலு விநாடி. உயரம் ஓர் ஆள் உயரம். அந்த நாலு விநாடிக்கு எங்கள் வீட்டில் கொடுத்த விலைதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா குழித்தறியில் பட்டு நெய்பவர். அம்மா தார் சுற்றுவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். கல்லூரி விட்டு வந்ததும் நானும் தறியில் உட்கார வேண்டும். வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் ஒவ்வொரு ஊடையிலும் கோர்த்துக்கொண்டே வரவேண்டும். மூன்று நாடா ஓடும். ஒருத்தரால் ஆகாது. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோடிக் கரையின் நாடாவைத் தள்ளும் ஆள் நான்.

சென்ற பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவிலிமேட்டுப் பாலத்துக்குக் கீழே பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடப் போயிருந்தோம். பாலாற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும், வருஷத்தில் பாதிக்குமேல் அது ஆறு அல்ல, மைதானம். தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று எழும்பி நின்றது. கருடசேவைக்கு வரதருக்குப் பிடிக்கும் குடையைப் படுக்க வைத்து இழுத்த மாதிரி. கீழே ஒரு மனிதர், ஹெல்மெட், இடுப்பில் வார். பந்து பொறுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றதற்கு இன்றுவரை என்னைத்தான் சொல்கிறார்கள்.

"தம்பி, அந்த நுனியைக் கொஞ்சம் பிடிப்பா, முள்ளுல மாட்டிக்கப் போவுது" என்றார் அவர். அதுதான் ஆரம்பம். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் "சார்" என்றே எழுதுகிறேன்.

நுனியைப் பிடித்தவுடனேயே என் விரலுக்கு ஒன்று தெரிந்தது. இது நெய்த துணி. ஆனால் சின்னச் சின்னக் கட்டம் கட்டமாக இருந்தது. "இன்னா சார், கட்டம் போட்டிருக்கு, டிசைனா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அது நைலான். பாவிலும் ஊடையிலும் சில இழைக்கு ஒரு தடவை கனமான இழையைக் கொடுத்து நெய்திருக்கிறார்கள். எங்காவது கிழிந்தாலும் கிழிசல் அடுத்த கட்டத்தோடு நின்றுவிடும். ரிப்ஸ்டாப் என்று பெயர். நெசவு தெரிந்தவன்தான் இதை யோசித்திருக்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இனி கொஞ்சம் பாடம். தூங்குகிறவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம். பாராகிளைடருக்குக் கம்பி, குழாய் எதுவும் கிடையாது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே வரிசையாக அறைகள். முன்பக்கம் வாய் திறந்திருக்கும். ஓடும்போது அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து உப்பி, துணியே விமான இறக்கை வடிவத்துக்கு வந்துவிடும். இப்படிக் காற்றால் விறைக்கும் துணி இறக்கையை 1964இல் அமெரிக்காவில் டொமினா ஜால்பர்ட் என்பவர் உருவாக்கினார். அவர் பட்டம் செய்கிறவர்! 1978இல் பிரான்சில் மியூசி என்ற ஊரில் மூன்று பேர், விமானத்திலிருந்து குதிக்கும் பாராசூட்டை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடிப் பார்த்தார்கள். விமானச் செலவை மிச்சம் பிடிக்கத்தான். இந்தப் பொழுதுபோக்கே அந்தச் சிக்கனத்திலிருந்து வளர்ந்தது. ஓர் ஆளுக்கான இறக்கை ஏறத்தாழ 26 சதுர மீட்டர். நம் பாஷையில் சொன்னால் நாலு புடவை மேலே, நாலு புடவை கீழே. எடை ஐந்து கிலோ. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு ஒன்பது மீட்டர் முன்னால் போகும்.

ஏகாம்பரநாதர் ராஜகோபுரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (சாமி குத்தம் வேண்டாம், கணக்கு மட்டும்தான்). 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, உயரம் ஏறத்தாழ 190 அடி. அங்கிருந்து கிளம்பினால் அரை கிலோமீட்டர் போய் ஒரு நிமிஷத்துக்குள் தரைக்கு வந்துவிடுவோம். அப்படியானால் மணிக்கணக்கில் பறக்கிறார்களே, எப்படி? பதில் அதே கோபுரத்துக்கு மேலே இருக்கிறது. பதினொரு மணி வெயிலில் அண்ணாந்து பாருங்கள். பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டம் போட்டு மேலே மேலே போகும். சூடான தரையிலிருந்து எழும்பும் காற்று அது, தெர்மல். அதற்குள் புகுந்து வட்டம் போடத் தெரிந்தவன்தான் பைலட். இமாசலத்தில் பில்லிங் என்ற இடத்தில் 2,400 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, அதற்கும் மேலே ஏறிப் போகிறார்கள். 2015இல் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது.

நமக்குப் பில்லிங் ஏது? காஞ்சிபுரத்தில் மேடு என்றால் தார் ரோட்டு வேகத்தடைதான். அதனால் சார் ஆற்று மணலில் தரைப் பயிற்சி செய்வார். இறக்கையைத் தலைக்கு மேலே எழுப்பி, விழாமல் நிறுத்தி வைப்பது. கேட்கச் சுலபம்! முதல் நாள் எனக்குத் தந்தபோது அது எழும்பி, என்னைத் தாண்டி, முன்னால் கவிழ்ந்து என்னையே மூடிவிட்டது. வலைக்குள் கோழி மாதிரி நின்றேன். இரண்டு கையிலும் பிரேக் பிடி. இடது பக்கம் தொங்கினால் எந்தக் கையை இழுக்க வேண்டும் என்று யோசிப்பதற்குள் விழுந்திருக்கும். யோசிக்கக் கூடாது, கைக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிறுத்தினேன். நூல் வழியாகக் காற்று என்ன நினைக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஊடை தள்ளும்போது பாவு இறுக்கமா தளர்வா என்று தெரியுமே, அதே மாதிரி. என் பதினெட்டு வருஷத்தில் அதைவிட சந்தோஷமான ஐந்து நிமிஷம் அதிகம் இல்லை.

சார் ஒரு சங்கதி சொன்னார், வீட்டில் போய் அப்பாவிடமும் சொன்னேன். முன்பெல்லாம் பாராசூட்டைப் பட்டில்தான் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டு கிடைக்காமல் போகவே அமெரிக்கர்கள் நைலானுக்கு மாறினார்கள். பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்காக 1922இல் ஆரம்பித்த ஒரு சங்கத்துக்குப் பெயரே "கம்பளிப்புழு கிளப்". பட்டு நூல் கொடுத்த புழுவுக்கு நன்றி! உறுப்பினர்களுக்குப் புழு வடிவத்தில் சட்டையில் குத்தும் ஊசி தருவார்களாம். அப்பா ஊடையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புழுவுக்கு இன்னா குடுத்தாங்க?" என்றார்.

செலவையும் சொல்ல வேண்டும். புதிய இறக்கை, இருக்கை, ஆபத்துக்கு உதவும் ரிசர்வ் பாராசூட் எல்லாம் சேர்த்துச் சில லட்சங்கள். பழசாக வாங்கினாலும் எங்கள் வீட்டில் பல மாதக் கூலி. அதுவும் வெயில் பட்டால் துணி நைந்து காற்று கசியும், ஈரம் பட்டால் பூஞ்சை, மணல் பட்டால் நூல் தேயும். வாங்கினால் மட்டும் போதாது, குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நான் நுனி பிடிக்கிறவன்.

மே மாதம் செமஸ்டர் லீவில் சார் ஏலகிரிக்குக் கூட்டிப் போனார். அவருடைய நண்பர் இருவர் பறக்கும் டாண்டம் இறக்கை கொண்டுவருவார், என்னை முன்னால் கட்டிக்கொண்டு பறப்பார் என்று ஏற்பாடு. வீட்டில் "புராஜெக்ட் வேலை" என்று சொல்லிவிட்டேன். பதினாலு கொண்டை ஊசி வளைவு. பாரதியார், திருவள்ளுவர், கம்பர், பாரி, காரி என்று ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடம் முழுவதையும் சுற்றிக்கொண்டு ஏறினோம். மேலே போய் உட்கார்ந்தோம். காற்று பின்பக்கத்திலிருந்து அடித்தது. பின்காற்றில் ஓடக் கூடாது, இறக்கை எழும்பாது, எழும்பினாலும் வேகம் பிடிக்காது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு... ஒரு குச்சியில் கட்டிய ரிப்பனைப் பார்த்தபடியே புளிசாதம் சாப்பிட்டோம். நாலு மணிக்கு இருவரும் பையைக் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அழுகையே வந்தது. "ஒரே ஒரு தடவை ஓடிப் பாக்கலாம் சார்" என்றேன். "இது பஸ் இல்லடா, ஓடிப்போய் ஏற" என்றார். இறங்கி வரும் வழியெல்லாம் கதை சொன்னார். 2007இல் ஆஸ்திரேலியாவில் எவா விஸ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்து 9,946 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எவரெஸ்டைவிட உயரம். மயங்கிப் போய், உடம்பில் பனி உறைந்து, எப்படியோ உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய இன்னொரு வீரர் இறந்துபோனார். பிறகு தன் கதையையும் சொன்னார். மகாராஷ்டிரத்தில் காம்ஷெட் மலையில் இறங்கும்போது கணுக்கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தாராம். "ஜாலிதான், சம்பளத்தோட லீவு, தினம் பிரியாணி" என்றார். நானும் சிரித்தேன்.

இப்போது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை. சார் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் வெளியூர் போனார். இறக்கையில் லேசாக ஈரம் இருந்தது, நிழலில் காயப்போட்டு மடித்து வை என்று பையை என்னிடம் கொடுத்திருந்தார். காயத்தான் போட்டேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏலகிரி ஆத்திரம் இன்னும் வயிற்றில் இருக்க, பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலாற்றுக்குப் போய்விட்டேன். கூட வந்த நண்பன் இதே மலரில் ஜோக்ஸ் எழுதியிருக்கிறான், யார் என்று சொல்ல மாட்டேன்.

வாரைக் கட்டினேன். நூலை இழுத்தேன். இறக்கை எழும்பவில்லை, வெடித்தது! ஒரே இழுப்பில் தலைக்கு மேலே வந்து, என்னையும் தூக்கிக்கொண்டது. சத்தமே இல்லை. கீழே என் செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது. நண்பனின் வாய் திறந்திருந்தது. பறக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த நாலு விநாடியும் பயமே இல்லை. பிறகு மணலில் அறைந்தது, முப்பது அடி இழுத்துக்கொண்டு போய்ச் சீமைக்கருவேல முள்ளில் தள்ளியது. நண்பன் ஓடிவந்து இறக்கை மேலேயே விழுந்து புரண்டதால் நின்றது. அவன் மட்டும் இல்லையென்றால் இந்த மலரில் என் படம் மாலையோடு வந்திருக்கும்.

வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்று கட்டுப் போட்டார்கள். வீட்டில் "சைக்கிள்ல வுழுந்துட்டேன்" என்றேன். ராத்திரி அம்மா முதுகில் எண்ணெய் தடவும்போது முள் அகப்பட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து... ரோட்டில் விழுந்தவன் முதுகில் ஏது முள்? எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தப் புடவையெல்லாம் ஆடியில்தான் தறியில் இருக்கும். எங்கள் தறியில் அரக்கு உடல், பச்சைக் கரை, பாதி நெய்திருந்தது. கரைக்கு நாடா தள்ள ஆள் இல்லை. அப்பா இரண்டு நாள் தனியாக முயன்று பார்த்தார். அந்தக் கோடிக்கு எட்டி எட்டித் தள்ளி, ஒரு நாளில் நாலு விரற்கடைகூட நகரவில்லை. பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவரைக் கூலிக்கு உட்கார வைத்தார். புடவை ஆறு நாள் தாமதம். முதலாளி கூலியில் ஆயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தவருக்குக் கொடுத்தது தனி. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மாதான் பேசினார். டி.வி.யில் பார்த்ததையெல்லாம் சொன்னார். 2022இல் இமாசலத்தில் ஒரு சிறுவன் விழுந்து இறந்த பிறகு உயர்நீதிமன்றமே அங்கே பறப்பதை நிறுத்தி வைத்ததே, அதையும்தான். கடைசியாகச் சொன்னார்: "காலு தரையில இருக்கும்போதே நமக்குச் சோறு பத்தல. நீ வுழுந்தா நீ மட்டுமாடா வுழுவ?"

அன்றைக்குத்தான் சாரின் பிரியாணிக் கதை வேறு மாதிரி கேட்டது. அவர் இரண்டு மாதம் காலை நீட்டிப் படுத்திருந்தபோது மாதா மாதம் சம்பளம் வந்தது. என் மணிக்கட்டு மூன்று வாரம் படுத்ததற்கு எங்கள் தறி நின்றது. விழுந்த மணலும் காற்றும் எல்லோருக்கும் ஒன்றுதான். சார் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் உழைத்துச் சம்பாதிக்கிறார். ஆனாலும் ஒரு வாரம் அவர் போனை நான் எடுக்கவில்லை.

அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "காத்து எவ்வளவுன்னு பாத்தியா?" என்று கேட்டார். "இல்ல சார்." "செல்போன்ல இருக்குதே, ஒரு நிமிஷம் ஆகாதே" என்றார், அவ்வளவுதான். பிறகு அப்பா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "தப்பு என்னுதுங்க, சின்னப் பையன்கிட்ட பையைக் குடுத்திருக்கக் கூடாது" என்றார். அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. படித்தவர், பேண்ட் சட்டை போட்டவர், அவர் எதிரில் இப்படி யாரும் நின்றதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் துணியைக் காட்டுங்க" என்றார்.

காலையில் பாவு விரிக்கும் எங்கள் தெருவிலேயே இறக்கையை விரித்தோம். தெருவே கூடிவிட்டது. அப்பா துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தார். கிழிசல் எதுவும் இல்லை. பிறகு நூல்களுக்கு வந்தார். எல்லா நூலையும் சேர்த்து நீட்டினால் 200 மீட்டருக்கு மேல் வரும். பாவில் அறுந்த இழை தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிட்டார். அரை மணி நேரம். கூட்டம் கலைந்தே போனது. பின் வரிசையில் ஒரு நூலில் கை நின்றது. "இங்க செத்துப் போச்சு" என்றார்.

வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை. மேல் உறை முழுசாக இருந்தது. சார் அந்த இடத்தை மடித்துப் பார்த்தார், இன்னொரு நூலையும் மடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இந்த நூல்களில் உள்ளே அராமிட் என்ற இழை, வெளியே பாலியஸ்டர் உறை. அராமிட் இழுப்புக்கு எஃகு மாதிரி நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து வந்தால் உறைக்குள்ளேயே நைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு நூல் போனால் உடனே விழுந்துவிட மாட்டார்கள் என்று சார் சொன்னார், பக்கத்து நூல்கள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். "எத்தினி நாளைக்கு வாங்கும்?" என்று அப்பா கேட்டார். எந்த முள்ளில் மாட்டி அது நைந்ததோ, ஏற்கெனவே நைந்திருந்ததோ, யாருக்கும் தெரியாது. மே மாதம் ஏலகிரியில் காற்று சரியாக இருந்திருந்தால் சார் அதில்தான் ஓடியிருப்பார்.

எல்லா நூலையும் மாற்ற அனுப்பிவிட்டார். பயிற்சி மறுபடி தொடங்கியிருக்கிறது, இப்போது பையைத் திறக்கும் முன் காற்றை அளக்கிறோம். என் கையும் சரியாகிவிட்டது. ஆயிரத்து ஐந்நூறை சார் கொடுக்க வந்தபோது அப்பா வாங்கவில்லை, நான் லீவு நாட்களில் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் நானூறு பாக்கி.

போன வாரம் சார் கேட்டார், ஜனவரியில் ஏலகிரி, அதே நண்பர், அதே டாண்டம், வருகிறாயா என்று. இந்தத் தடவை புராஜெக்ட் என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி தறியில் உட்கார்ந்து, நாடாவைத் தள்ளிக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். அம்மா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டார். பத்து ஊடை போனது. அப்பா தலை நிமிரவில்லை.

"அவரு நூலையெல்லாம் மாத்திட்டாரா?"

"மாத்திட்டாருப்பா. ஆனா நான் போறது அதுல இல்ல. அது அவரு பிரெண்டுது, பெரிய றெக்கை."

இன்னும் நாலு ஊடை.

"அதை மொதல்ல இங்க எடுத்தாரச் சொல்லு" என்றார்.